அண்டி ஆபீஸுக்கு இஎஸ்ஜி மார்க்கு: காசு கட்டி யூஸ் பண்ணின சர்வீஸ் பத்தி ஒரு ரிவியூ

இது யாருக்குன்னு மொதல்லயே சொல்லிர்றேன். மார்த்தாண்டம், கருங்கல், குலசேகரம், தக்கலை பக்கம் அண்டி ஆபீஸ் (முந்திரிப் பருப்பு எடுக்குற ஆலை) நடத்துறவங்க, இல்ல அங்க கணக்கும் எக்ஸ்போர்ட் பேப்பரும் பாக்குறவங்க, அப்புறம் ரப்பர், வலை, கயிறு கம்பெனிக்காரங்க, இவங்கள்ல யாருக்காவது வெளிநாட்டு பையர்கிட்ட இருந்து "உங்க இஎஸ்ஜி ரேட்டிங் வேணும், இந்த லிங்க்ல ரெஜிஸ்டர் பண்ணுங்க"ன்னு மெயில் வந்திருந்தா அவங்களுக்குத்தான் இது. இஎஸ்ஜின்னா சுற்றுச்சூழல், சமூகம் (தொழிலாளர் இதுலதான் வரும்), நிர்வாகம், இந்த மூணுலயும் ஒரு கம்பெனி எப்படி இருக்குன்னு போடுற மார்க்கு. எங்க யூனிட்டுக்கு இதெல்லாம் நிரப்பினது நான்தான், கேள்வி ஒவ்வொண்ணா வாசிச்சு, பில் தேடி, ஸ்கேன் பண்ணி ஏத்தினதும் நான்தான், அதனால அனுபவிச்சதை மட்டும் எழுதுறேன். சர்வீஸோட பேர் போடல. ஆன்லைன்ல கேள்வித்தாள் குடுத்து, ஆவணம் வாங்கி, ஏ-ல இருந்து இ வரைக்கும் கிரேடு போடுற வகை, இதே மாதிரி நிறைய இருக்கு.

என்னோட மார்க்கு 5க்கு 3. சுற்றுச்சூழல் பகுதி கொள்ளாம், காசு குடுத்ததுக்கு மோசமில்ல. நிர்வாகம் சுமார். தொழிலாளர் பகுதிதான் எனக்கு ரொம்ப விசனம், ஏன்னா அண்டி ஆபீஸ்னாலே தொழிலாளிங்கதான், அதுலயும் பொம்பளைங்கதான், அங்கயே இந்த அளவுகோல் சரியா அளக்கலன்னா மத்ததை வச்சு என்ன செய்ய.

பையர் ஏன் திடீர்னு கேக்குறாங்கன்னு நிறைய மொதலாளிமாருக்கு புரியல, "நாம பருப்பு நல்லா குடுக்கோம், அது போதாதா"ன்னு கேக்காங்க. விஷயம் என்னன்னா ஜெர்மனில சப்ளை செயின் சட்டம்னு ஒண்ணு 2023 ஜனவரில அமலுக்கு வந்துச்சு, மொதல்ல 3000 பேருக்கு மேல வேலை பாக்குற கம்பெனிக்கு, 2024ல இருந்து 1000 பேருக்கு மேல உள்ளதுக்கும், அவங்க சரக்கு வாங்குற இடத்துல மனுச உரிமை மீறல் இருக்கான்னு பாக்க வேண்டிய பொறுப்பு அவங்களுக்கு வந்துருச்சு. ஐரோப்பிய யூனியனும் இதே மாதிரி ஒரு சட்டத்தை 2024ல கொண்டு வந்துச்சு, அடுத்த வருசமே அதைத் தளர்த்துற வேலையும் ஆரம்பிச்சுட்டாங்க, ஆனா பெரிய பையருங்க கேக்குற பழக்கத்தை விடல. அவங்களால ஒவ்வொரு ஊருக்கும் வந்து பாக்க முடியாது, அதனால நடுவுல ஒரு ரேட்டிங் கம்பெனி. இஎஸ்ஜி-ங்கிற பேரே 2004ல ஐநா குளோபல் காம்பாக்ட் அறிக்கை ஒண்ணுல இருந்துதான் பரவுச்சு, அப்ப அது பங்குல காசு போடுறவங்களுக்காக வந்த பேச்சு, இப்ப அது குழித்துறை தாண்டி நம்ம ஆபீஸ் வாசல் வரைக்கும் வந்து நிக்குது.

சரி சர்வீஸுக்கு வருவோம். கட்டணம் ஆள் எண்ணிக்கையைப் பொறுத்து, வருசா வருசம் புதுப்பிக்கணும். புதுப்பிக்கலன்னா பழைய கிரேடு பையருக்குத் தெரியாது. லாகின், டேஷ்போர்டு எல்லாம் சுத்தமா இருக்கு, போன்லயும் ஓடுது, ஃபைல் ஏத்தும்போது கரண்ட் போனாலும் பாதி நிரப்பினது அப்படியே இருக்கும், இது நம்ம ஊருக்கு பெரிய விஷயம். கேள்வி எல்லாம் இங்கிலீஷ்ல, தமிழ் கிடையாது, நம்ம நோட்டீஸ் போர்டுல தமிழ்ல ஒட்டின விதிமுறையை போட்டோ எடுத்து ஏத்தினா "மொழிபெயர்ப்பு வேணும்"னு திரும்பி வந்துரும். வேலை செய்யுற ஆளுங்களுக்குப் புரியுற மொழில இருக்கான்னு அவங்களே ஒரு கேள்வி கேக்காங்க, அந்தக் கேள்விக்கு ஆதாரம் தமிழ்ல குடுத்தா எடுக்க மாட்டேங்காங்க. இதை எழுதி அனுப்பினேன், பதில் மரியாதையா வந்துச்சு, மாத்தம் ஒண்ணும் வரல.

இப்ப நல்லதைச் சொல்றேன். சுற்றுச்சூழல் பகுதில ஈபி யூனிட், ஜெனரேட்டர் டீசல், பாய்லர்ல எரிக்குற அண்டித் தோடு (முந்திரிக் கொட்டையோட ஓடு), தண்ணி, கழிவு எல்லாம் மாசக் கணக்குல கேக்கும். டீசல் ஒரு லிட்டருக்கு சுமார் 2.68 கிலோ கார்பன் டை ஆக்சைடு, ஈபி கரண்டுக்கு மத்திய மின்சார ஆணையம் வருசா வருசம் வெளியிடுற கணக்குப்படி ஒரு யூனிட்டுக்கு சுமார் 0.7 கிலோ, இப்படி அதுவே பெருக்கிக் காட்டும். அண்டித் தோடு எரிக்கிறது மரம் மாதிரி உயிர்ப்பொருள்தானே, அதுல வர்ற கார்பன் டை ஆக்சைடை மொத்தத்துல சேக்காம தனியா காட்டணும்னு சர்வதேச கணக்கு முறைல விதி இருக்கு, அதை இது சரியா பிரிச்சுக் காட்டுச்சு, அதுக்கு ஒரு சபாஷ். தோட்டைப் புகை இல்லாம எரிக்கிற ஆபீஸும் கண்ணு எரியுற புகையை வெளிய விடுற ஆபீஸும் இந்தக் கணக்குல ஒண்ணா தெரியும்ங்கிறதையும் சொல்லணும். புகை நாத்தம் பத்தி பக்கத்து வீட்டுக்காரங்க என்ன சொல்றாங்கன்னு ஒரு கேள்வி கூட இல்ல.

ஒரு கிலோ பருப்புக்கு எத்தனை யூனிட் கரண்ட், எத்தனை லிட்டர் டீசல்னு போட்டுக் காட்டுற கிராஃப்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. மொதலாளிகிட்ட "சுற்றுச்சூழல்"னு சொன்னா காதுல ஏறாது, "இந்த மாசம் ஒரு கிலோவுக்கு டீசல் ஏறிருக்கு, ஏன்"னு காட்டினா அப்பவே மெக்கானிக்கை கூப்பிடுவாரு. டிரையர் கதவோட ரப்பர் பீடிங் போய் சூடு வெளிய போயிட்டு இருந்ததை இப்படித்தான் கண்டுபிடிச்சோம். இதுக்கு மட்டும்னா முழு மார்க்கு குடுப்பேன்.

ஒரு குறை. ஆரல்வாய்மொழி முப்பந்தல்ல கரண்ட் எடுக்குற காத்தாடி சுத்துறதைப் பாத்துக்கிட்டு வளந்தவங்க நாம, ஆனா நம்ம ஈபி கரண்ட் கணக்குல இந்தியா முழுசுக்குமான சராசரி தான் போடுவாங்க, பச்சை கரண்டுன்னு தனி ஒப்பந்தம் இல்ல சான்றிதழ் இருந்தாத்தான் குறைச்சுக் காட்டலாம். இது அந்த சர்வீஸோட தப்பு இல்ல, கணக்கு முறையே அப்படி, கரண்ட் எல்லாம் ஒரே கிரிட்ல கலந்துதான் வருது. தெரிஞ்சுக்கிட்டா ஏமாற்றம் இருக்காது.

இனிமே தொழிலாளர் பகுதி. இதைக் கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவேன், பொறுத்துக்கங்க.

அண்டி தல்லுற வேலை, அதாவது கொட்டையை உடைச்சுப் பருப்பு எடுக்குறது, என்னன்னு வெளியூர்க்காரங்களுக்குத் தெரியாது. தோட்டுக்குள்ள ஒரு எண்ணெய் இருக்கு, அதுல அனகார்டிக் அமிலம், கார்டால்னு தோலை அரிக்கிற சாமான் இருக்கு, கைல பட்டா கறுத்துப் போகும், தொலி உரியும், விரல் நுனி ரேகையே அழிஞ்சு போன எக்காமாரு இருக்காங்க, ரேஷன் கடைல கைரேகை வைக்கப் போனா மெஷின் எடுக்காது. சாம்பலையோ எண்ணெயையோ தடவிக்கிட்டுத்தான் தலைமுறை தலைமுறையா தல்லுறாங்க. கையுறை போட்டா பருப்பு உடையும், வேகம் குறையும், கிலோ கணக்குல கூலின்னா வேகம் குறைஞ்சா கூலி குறையும். முழுப் பருப்புக்கும் உடைஞ்ச பருப்புக்கும் விலை எவ்வளவு வித்தியாசம்னு உங்களுக்கே தெரியும்.

இப்ப அந்த சர்வீஸ் என்ன கேக்குதுன்னு பாருங்க. பாதுகாப்பு கொள்கை ஆவணம் இருக்கா, கையெழுத்து இருக்கா, தேதி இருக்கா, பயிற்சி குடுத்த போட்டோ இருக்கா. இருந்தா மார்க்கு. அடுத்தது காயம் பட்ட கணக்கு. உலகம் பூராவும் யூஸ் பண்ணுற ஒரு ஃபார்முலா அது, காயத்தால வேலைக்கு வர முடியாம போன சம்பவம் எத்தனைன்னு எடுத்து, பத்து லட்சம் வேலை மணிநேரத்துக்கு எவ்வளவுன்னு போடுவாங்க. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா தல்லுற எக்கா கை வெந்து போச்சுன்னு லீவு போடுவாங்களா? போட்டா அன்னைக்கு கூலி இல்ல. துணியைச் சுத்திக்கிட்டு அடுத்த நாளும் வருவாங்க. வேலை நாள் இழப்பே இல்ல, அப்ப காயம் பூஜ்யம். மிஷின்ல விரல் மாட்டினா அது விபத்து, தினமும் அமிலத்துல கை அரிச்சுப் போறது விபத்து கணக்குல வராது, தொழில்சார் நோய்னு டாக்டர் எழுதிக் குடுத்தாத்தான் அந்தக் கட்டத்துல நிரப்பலாம், யாரு எழுதிக் குடுப்பா. கடைசில என்ன ஆகுதுன்னா, கஷ்டப்பட்டு லீவே எடுக்காம வர்ற பொம்பளைங்க இருக்குற ஆபீஸுக்குத்தான் பாதுகாப்புல நல்ல கிரேடு. எங்களுக்கும் அதுல நல்ல கிரேடுதான் வந்துச்சு, சந்தோசப்பட முடியல.

எங்க ஆபீஸ்ல தல்லுற ஒரு எக்கா, நான் லேப்டாப்ல நிரப்புறதைப் பாத்துட்டு "மக்ளே, இதுல எங்க கையைப் பத்தி கேட்டிருக்காவளா?"ன்னு கேட்டாங்க. கேக்கலன்னு சொன்னேன். "பின்ன எதை வச்சு மார்க்கு போடுதாவ?"ன்னாங்க. அந்தக் கேள்வியை அப்படியே இங்கிலீஷ்ல எழுதி அந்த சர்வீஸுக்கு அனுப்பினேன், இன்னைக்கு வரைக்கும் நான் அனுப்பினதுலயே அர்த்தமுள்ள ஃபீட்பேக் அதுதான்னு நினைக்கேன்.

நியாயமா சொல்லணும்னா இந்தப் பகுதியாலயும் ஒண்ணு நடந்துச்சு. முதலுதவி ரெஜிஸ்டர் கேட்டதால நாங்க ஒரு நோட்டு தொடங்கினோம், அதுல கை வெந்தது, கண்ணுல எண்ணெய் தெறிச்சது, மூச்சு முட்டினது எல்லாம் நானா சேத்து எழுத ஆரம்பிச்சேன், ஃபார்ம்ல அதுக்கு இடம் இல்லன்னாலும். நோட்டு நிறைய ஆரம்பிச்சதும் மொதலாளியே பாத்துட்டு கண்ணாடியும், விரல் மட்டும் மூடுற மாதிரி உறையும் வாங்கிப் போட்டாரு. இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) பிடித்தம் தொழிலாளிகிட்ட 0.75 சதவீதம், மொதலாளி பங்கு 3.25 சதவீதம், இது எல்லாருக்கும் கட்டுறோமான்னு செலான் கேப்பாங்க, இது பேப்பர்ல ஏமாத்த முடியாத கேள்வி, நல்ல கேள்வி. 50 பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்குற இடத்துல பிள்ளைங்களைப் பாத்துக்க இடம் வேணும்ங்கிற விதி 2017 திருத்தச் சட்டத்துல வந்துச்சு, பத்து பேர் இருந்தாலே பாலியல் தொந்தரவு புகார் கமிட்டி வேணும்னு 2013 சட்டம் சொல்லுது, இது ரெண்டையும் கேக்காங்க. ஆனா கமிட்டி ஆவணம் இருக்கான்னு கேக்காங்களே தவிர அந்தக் கமிட்டில இருக்குறது யாருன்னு தல்லுற எக்காமாருக்குத் தெரியுமான்னு யாரும் கேக்கல.

இன்னொரு ஆபத்தும் வளருது. நம்ம ஜில்லாவுலயே சில ஏஜென்ட்மாரு கிளம்பிருக்காங்க, கொள்கை ஆவணம் எல்லாம் ரெடிமேடா வச்சிருக்காங்க, கம்பெனி பேரை மட்டும் மாத்தி குடுத்துருவாங்க. அமேசான் காட்டைக் காப்போம்னு எல்லாம் அதுல இருக்கும். இப்படி ஏத்தினா நல்ல கிரேடு வரலாம், ஆனா பையர் ஒரு நாள் ஆளனுப்பி பாத்தா ஆர்டரே போயிரும். தயவு செஞ்சு வாங்காதீங்க.

அடுத்து ஒப்பீடு, அதாவது "உங்க துறைல நீங்க எங்க இருக்கீங்க"ன்னு காட்டுற அந்தக் கோடு. எங்களை ஜூஸ் போடுற கம்பெனி, உலர் பழக் கம்பெனி, ஆட்டோமேட்டிக் மெஷின் வச்சிருக்கிற பெரிய நட்ஸ் கம்பெனி எல்லாத்தோடயும் ஒரே கூட்டத்துல வச்சு ஒப்பிட்டிருந்தாங்க. கையால தல்லுற யூனிட்ல கரண்ட் செலவு இயல்பாவே கம்மி, அதனால நாங்க ஆற்றல்ல மேல. எங்ககிட்ட மனித வள துறைன்னு தனியா கிடையாது, அதனால அதுல கீழ. ரெண்டுமே உண்மையைச் சொல்லல. எதோட ஒப்பிடுறாங்கன்னு கேட்டு வாங்குங்க, அது தெரியாம கிரேடை ஃபிரேம் போட்டு மாட்டாதீங்க.

இது சின்ன சர்வீஸோட பிரச்சினைன்னு நினைக்காதீங்க, பெரிய இடத்துலயும் இதே கதைதான். 2022ல வெளியான ஒரு ஆய்வுல ஆறு பெரிய ரேட்டிங் கம்பெனிங்க ஒரே கம்பெனிங்களுக்குப் போட்ட மார்க்கை ஒப்பிட்டுப் பாத்தாங்க, ரெண்டு ரேட்டிங்குக்கும் இடையில ஒத்துப்போற அளவு சராசரியா 0.54 தான், முழுசா ஒத்துப்போனா அது 1. கடன் ரேட்டிங்ல எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி சொல்லுவாங்க, இதுல அப்படி இல்ல. வித்தியாசத்துல பாதிக்கு மேல, 56 சதவீதம், ஒரே விஷயத்தை ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரி அளக்குறதால வர்றதாம். நான் மேல சொன்ன காயம் கணக்குதான் உதாரணம், ஒருத்தர் ஆவணம் பாப்பாரு, ஒருத்தர் லீவு நாள் பாப்பாரு, கையைப் பாக்குறவர் யாரும் இல்ல. 2022 மே மாசம் எஸ் அண்ட் பி 500 இஎஸ்ஜி இன்டெக்ஸ்ங்கிற பங்குப் பட்டியல்ல இருந்து மின்சார கார் கம்பெனி டெஸ்லாவை எடுத்துட்டாங்க, எக்ஸான்மொபில் எண்ணெய் கம்பெனி உள்ளயே இருந்துச்சு, பெரிய சண்டையே நடந்துச்சு. எம்எஸ்சிஐங்கிற ரேட்டிங் கம்பெனி போடுற ஏஏஏ-ல இருந்து சிசிசி வரைக்கும் உள்ள மார்க்கு, உலகத்துக்கு அந்தக் கம்பெனி என்ன செய்யுதுங்கிறதை அளக்குறது இல்ல, சுற்றுச்சூழல், சமூக ஆபத்தால அந்தக் கம்பெனியோட லாபத்துக்கு என்ன ஆகும்ங்கிறதைத்தான் அளக்குது, அதுவும் அதே துறைல உள்ளவங்களோட ஒப்பிட்டு. சஸ்டைனலிட்டிக்ஸ்ங்கிற இன்னொரு ரேட்டிங் கம்பெனில மார்க்கு குறைஞ்சா நல்லது, 40க்கு மேலன்னா மோசம், தெரியாதவங்க தலைகீழா வாசிச்சுருவாங்க. நம்ம நாட்டுல சத்யம்ங்கிற ஐடி கம்பெனிக்கு 2008ல நல்ல நிர்வாகத்துக்குன்னு கோல்டன் பீகாக் விருது குடுத்தாங்க, 2009 ஜனவரில அதோட தலைவர் ராமலிங்க ராஜுவே கணக்குல பெரிய பொய் இருக்குன்னு கடிதம் எழுதினாரு. ஆவணத்தை மட்டும் பாத்து மார்க்கு போட்டா என்ன ஆகும்ங்கிறதுக்கு இதுக்கு மேல என்ன வேணும்.

அப்ப எது பரவால்லன்னு கேட்டா, எனக்கு செபியோட (பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற வாரியம்) பிஆர்எஸ்ஆர் படிவம் பிடிச்சிருக்கு, கம்பெனிங்க தங்களோட பொறுப்பு பத்தி அறிக்கை குடுக்குற படிவம் அது. அது நம்மள மாதிரி சின்ன யூனிட்டுக்கு கட்டாயம் இல்ல, 2022-23ல இருந்து சந்தை மதிப்புல முதல் 1000 லிஸ்டட் (பங்குச் சந்தைல உள்ள) கம்பெனிங்களுக்குத்தான் கட்டாயம், ஆனா படிவம் இலவசமா கிடைக்கு, டவுன்லோடு பண்ணி வாசிங்க. 2023 ஜூலைல பிஆர்எஸ்ஆர் கோர்னு ஒன்பது தலைப்புல ஒரு சுருக்கப் பட்டியல் போட்டாங்க, அதுல வெளி ஆளு சரிபாக்கணும்னு முதல் 150 கம்பெனில இருந்து ஆரம்பிச்சாங்க. அதுல இருக்குற கேள்விகளைப் பாருங்க: மொத்தக் கூலில பொம்பளைங்களுக்குப் போனது எத்தனை சதவீதம், சின்ன ஊர்ல கிராமத்துல வேலை பாக்குறவங்களுக்குப் போன கூலி எவ்வளவு, சரக்கு குடுத்தவங்களுக்கு எத்தனை நாள்ல பணம் குடுக்கீங்க, சிறு தொழில்ல இருந்து எவ்வளவு வாங்குறீங்க. எல்லாமே நம்பர், பேங்க் ஸ்டேட்மென்ட்ல தேடினா வந்துரும். பணம் எத்தனை நாள்ல குடுக்கீங்கன்னு பையரைக் கேக்குறதைப் பாத்ததும் எனக்கு அவ்வளவு சந்தோசம், ஏன்னா எங்களை இவ்வளவு கேள்வி கேக்குற பையர் பாக்கி வச்சா அந்த வார சம்பளம் குடுக்க மொதலாளி நகையை அடகு வைக்கணும், அதை எந்த ரேட்டிங்கும் எங்ககிட்ட கேக்கல. சப்ளையர்களையும் சேத்து அறிக்கை குடுக்கணும்னு முதல் 250 கம்பெனிங்களுக்கு ஒரு விதி வச்சிருந்தாங்க, 2025ல அதை விருப்பப்பட்டா போதும்னு மாத்திட்டாங்க, அது எனக்கு வருத்தம்தான்.

லிஸ்டட் கம்பெனிக்கு மட்டும்ங்கிறது பெரிய ஓட்டை. நம்ம ஜில்லாவுலயே மணவாளக்குறிச்சில கடல் மணல் எடுக்குற ஐஆர்இஎல், அணுசக்தித் துறைக்குக் கீழ உள்ள அரசு நிறுவனம், பங்குச் சந்தைல இல்ல, அதனால செபி கட்டாயம் அதுக்கு வராது. கிள்ளியூர் தாலுகாவுல 1144 ஹெக்டேர்ல மோனசைட் (கதிர்வீச்சுள்ள கனிமம்) மணல் எடுக்குற அதோட திட்டத்துக்கு 2024ல கடற்கரை ஊர் எல்லாம் எதிர்த்து நின்னாங்க. அவங்க கேட்டது கதிர்வீச்சு, புற்றுநோய், கடல் அரிப்பு பத்தி. எங்களோட ரேட்டிங் ஃபார்ம்ல "உள்ளூர் சமூகம்"ங்கிற இடத்துல கேட்டது நன்கொடை எவ்வளவு குடுத்தீங்கன்னு. கோயில் கொடைக்கும் சர்ச் திருவிழாவுக்கும் குடுத்த ரசீது ஏத்தினா மார்க்கு வருது. ஊர்க்காரங்ககிட்ட கேட்டீங்களான்னு ஒரு வரி சேத்தா என்ன.

வேற வழி என்ன இருக்குன்னா, செடெக்ஸ்ங்கிற அமைப்போட ஸ்மெட்டா ஆடிட் இருக்கு. அதுல ஆள் நேர்ல வருவாங்க, மொதலாளி இல்லாம தொழிலாளிங்ககிட்ட தனியா பேசுவாங்க, ரெண்டு தூண் (பகுதி) எடுத்தா தொழிலாளர் நிலையும் பாதுகாப்பும், நாலு தூண் எடுத்தா சுற்றுச்சூழலும் நேர்மையும் சேரும். பாஸ் ஃபெயில் கிடையாது, குறை எழுதி குடுப்பாங்க, சரி பண்ணணும். செலவு கூட, ஆனா கையைப் பாக்குற ஒரே வழி இதுதான்னு எனக்குத் தோணுது, வர்ற ஆளுக்கு தமிழ் தெரிஞ்சிருக்கணும், அதை முன்கூட்டியே கேட்டு உறுதி பண்ணிக்கங்க. ஈகோவாடிஸ்ங்கிற ரேட்டிங் கம்பெனி பாரிஸ்ல 2007ல ஆரம்பிச்சது, ஐரோப்பிய பையருங்க நிறைய பேர் அதைத்தான் கேப்பாங்க, நூத்துக்கு மார்க்கு போட்டு மெடல் குடுப்பாங்க, நான் யூஸ் பண்ணல. பையர் குறிப்பிட்டு ஒண்ணைச் சொன்னா அதையே எடுங்க, சும்மா "ஏதாவது ரேட்டிங்"னு சொன்னா ஸ்மெட்டா ரிப்போர்ட் இருந்தா எடுத்துக்குவீங்களான்னு மொதல்ல ஒரு மெயில் போட்டுக் கேளுங்க, ரெண்டு தடவை காசு கட்ட வேண்டி வராது.

நாங்க அடுத்த வருசமும் புதுப்பிக்கப் போறோம், பையருக்காக, அப்புறம் அந்த கிலோ கணக்கு கிராஃபுக்காக. முதலுதவி நோட்டை ஸ்கேன் பண்ணி "இதர ஆவணம்"ங்கிற இடத்துல ஏத்தப் போறேன், மார்க்கு குறைஞ்சாலும் பரவால்லன்னு மொதலாளி ஒத்துக்கிட்டாரு.

புதுசா சேருறவங்க ஏப்ரல்லயே ஆரம்பிங்க. ஈபி பில், டீசல் ரசீது, இஎஸ்ஐ பிஎஃப் செலான் எல்லாம் மாசம் மாசம் ஒரு ஃபோல்டர்ல போட்டு வைங்க, பாய்லருக்குப் போற தோட்டை ஒரு தடவையாவது சாக்கு கணக்கு போட்டு எடை பாத்து வைங்க, தண்ணிக்கு போர்ல மீட்டர் மாட்டுங்க. காயம் நோட்டை தல்லுற இடத்துலயே வைங்க, ஆபீஸ் ரூம்ல வச்சா யாரும் வந்து எழுத மாட்டாங்க.